வயசு கூடி காலேஜ் போறவங்களுக்கு: ஜூனுக்கு முன்னாடி எதை முதல்ல செய்யணும், எதை கடைசில செய்யணும்

முப்பது முப்பத்தஞ்சு தாண்டி ரெகுலர் காலேஜ்ல சேரப் போறவங்களுக்கும், சேந்து ஒரு வருஷம் முடிச்சு அடுத்த வருஷத்துக்குப் போறவங்களுக்கும் இது. பிள்ளைங்க கொஞ்சம் வளந்தப்பொறவு எம்ஏ, எம்காம்னு வர்ற அக்காமாரு, கல்ஃப்ல இருந்து திரும்பி வந்து விட்ட படிப்ப பிடிக்கணும்னு நினைக்குற அண்ணன்மாரு, ஸ்கூல் வேலைக்காக பிஎட் போடுறவங்க, நம்ம குமரி மாவட்டத்துல எந்த காலேஜ்ல பாத்தாலும் இப்படி நாலஞ்சு பேரு இருப்பாங்க. நானும் அதுல ஒருத்திதான். எம்காம் முதல் வருஷம் முடிஞ்சாச்சு, போன வருஷ அட்மிஷன் நேரத்துல எங்க டிபார்ட்மென்ட்டுக்கு உதவிக்கு நின்னப்போ புதுசா வர்றவங்க எங்கன தடுக்கி விழுறாங்கன்னு பக்கத்துல நின்னு பாத்தேன்.

பத்துல எட்டு பேரு வரிசைய தலைகீழாத்தான் பிடிக்காங்க. பேக், நோட்டு, புது சுடிதாரு முதல்ல, புஸ்தகம் அடுத்தது, சர்டிபிகேட் கடைசில. பேக் வாங்க பத்து நிமிஷம் போதும், மைக்ரேஷன் சர்டிபிகேட் (ஒரு யூனிவர்சிட்டில இருந்து இன்னொண்ணுக்கு மாறக் கொடுக்குறது) வர வாரக்கணக்கா ஆகும். அதனால நான் சொல்ற வரிசை ஒண்ணே ஒண்ணுதான்: மத்தவங்க கையெழுத்து வேண்டிய வேலை எல்லாம் முதல்ல, வீட்டு ஆளுங்க சம்மதம் வேண்டியது அடுத்தது, நம்ம ஒருத்தர் கையால முடியுறது கடைசில. கீழ உள்ளது எல்லாம் அந்த வரிசைதான்.

1. காலேஜ் ஆபீஸ்ல நேர்ல போய் கேளுங்க (மார்ச் கடைசி, ஏப்ரல்)

போன்ல கேட்டா "அப்ளிகேஷன் வரட்டும், அப்போ பாக்கலாம்"னுதான் பதில் வரும். நேர்ல போங்க, காலைல பத்து மணிக்குப் போகாதீங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போனா கவுண்டர்ல கூட்டம் கம்மி, ஆபீஸ்ல இருக்குறவங்களும் நின்னு பதில் சொல்லுவாங்க. பழைய மார்க் லிஸ்ட் ஜெராக்ஸ் ஒரு செட் கைல இருக்கணும், அது இல்லாம கேக்குற கேள்விக்கு பொதுவான பதில்தான் கிடைக்கும்.

கேக்க வேண்டியது இதுதான். என் பிறந்த தேதிக்கு இந்த கோர்ஸ்ல வயசு வரம்பு வருமா? இளங்கலைல பல இடத்துல வரம்பு வச்சிருப்பாங்க, பிஜில அந்த சிக்கல் குறைவு, ஆனாலும் கேட்டுட்டு வாங்க. அடுத்தது, நான் படிச்ச டிகிரிய வச்சு இந்த கோர்ஸுக்கு எலிஜிபிளா? பிகாம் முடிச்சவங்க எம்காம் போனா பிரச்சனை இல்ல, பிபிஏ முடிச்சுட்டு வர்றவங்க, கேரளா யூனிவர்சிட்டில படிச்சவங்க கண்டிப்பா கேக்கணும்.

இந்த சீட்டு எய்டடா (அரசு உதவில நடக்குறது), செல்ஃப் ஃபைனான்ஸா (காலேஜ் சொந்தமா நடத்துறது)ன்னும் கேளுங்க. ஒரே காலேஜ், ஒரே கேட்டு, ஆனா ரெண்டுக்கும் ஃபீஸ் ரொம்ப வித்தியாசப்படும், சில காலேஜ்ல டைமிங்கே வேற. எத்தன மணிக்கு ஆரம்பிச்சு எத்தன மணிக்கு விடுவாங்கன்னு தெரியாம வீட்டுல எதையும் பேசி முடிக்க முடியாது.

வேலைல இருந்துக்கிட்டே ரெகுலர் கோர்ஸ் போயிடலாம்னு சிலர் வர்றாங்க. அது நடக்காது. அரசு வேலைல இருக்குறவங்க துறை அனுமதி வாங்கணும், தனியார்னா லீவோ ஷிஃப்ட் மாத்தமோ எழுத்துல வாங்கணும், ரெண்டும் கிடைக்கலன்னா இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பக்கம் போறதுதான் நல்லது.

2. சர்டிபிகேட் (ஏப்ரல் முழுசும் இதுக்குத்தான்)

ஒரு மேசை மேல எல்லாத்தையும் பரத்தி வைங்க. பத்தாம் கிளாஸ், பிளஸ் டூ மார்க் லிஸ்ட், டிகிரி செமஸ்டர் மார்க் லிஸ்ட் ஒவ்வொண்ணும், கன்சாலிடேட்டட், புரொவிஷனல், கான்வகேஷன், டிசி, கம்யூனிட்டி, ஆதார். எது இல்லன்னு ஒரு தாள்ல எழுதுங்க. அந்த தாள்தான் அடுத்த ஒரு மாச வேலை.

டிசி: அம்பது வயசுக்காரரு வந்தாலும் கடைசியா படிச்ச காலேஜ் டிசி கேப்பாங்க. டிகிரி முடிச்சப்போ வாங்காம விட்டவங்க நிறைய. பழைய காலேஜ்ல போய் எழுதிக் கொடுத்து வாங்கலாம், ஆனா முடிச்ச வருஷம், ரிஜிஸ்டர் நம்பர் ரெண்டும் தெரிஞ்சு போகணும், இல்லன்னா பழைய ரிஜிஸ்டர தேடியே நாலு நாள் போயிடும். மே மாசம் ஆபீஸ் எல்லாம் புது அட்மிஷன்ல முங்கி இருக்கும், உங்க பதினஞ்சு வருஷத்து டிசிக்கு அப்போ ஆளு கிடைக்காது. அதான் ஏப்ரல்.

மைக்ரேஷன்: நம்ம மாவட்டத்து ஆர்ட்ஸ் காலேஜ் எல்லாம் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல சேந்தது. அந்த யூனிவர்சிட்டியே 1990-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி டிகிரி முடிச்சவங்க கைல மதுரை காமராஜர் சர்டிபிகேட்தான் இருக்கும், படிச்சது நாகர்கோவில்லதான், காலேஜும் அதேதான், ஆனாலும் யூனிவர்சிட்டி மாறுது. வேற யூனிவர்சிட்டில இருந்து வர்றவங்ககிட்ட மைக்ரேஷன் கேப்பாங்க. கேரளா யூனிவர்சிட்டி டிகிரி வச்சிருக்குற விளவங்கோடு பக்கத்து ஆளுங்களுக்கு, அந்த டிகிரி இங்க செல்லும்னு கொடுக்குற எலிஜிபிலிட்டி சர்டிபிகேட்டும் சேந்து வேணும். பிஎட் போறவங்க கவனிக்க வேண்டியது, பிஎட் காலேஜ் எல்லாம் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்கு கீழ வருது, அதனால பக்கத்து காலேஜ்ல டிகிரி முடிச்சிருந்தாலும் மைக்ரேஷன் வேணுமான்னு முதல்லயே விசாரிச்சு வச்சுக்கிடுங்க.

பேரு: ரொம்ப பேரு மாட்டுறது இங்கனதான், அதுலயும் பொம்பளைங்க. எஸ்எஸ்எல்சி மார்க் லிஸ்ட்ல அப்பா இனிஷியல், ஆதார்ல மாப்பிள்ளை இனிஷியல், பேங்க் பாஸ்புக்ல இனிஷியலே விரிச்சு எழுதி பேருக்குப் பின்னாடி. போன வருஷம் கவுண்டர்ல ஒரு அக்காகிட்ட கிளார்க் ரெண்டு தாளையும் மாத்தி மாத்தி பாத்துட்டு, "இதுல கே, அதுல எஸ், ஏம்மா ரெண்டு பேரு வந்திருக்கீங்களா?"ன்னு கேட்டாரு. சிரிச்சுட்டோம், ஆனா அந்த அக்கா அன்னைக்கு ஃபீஸ் கட்டாமத்தான் திரும்பிப் போனாங்க.

காலேஜ் ரெக்கார்டு எல்லாம் எஸ்எஸ்எல்சி மார்க் லிஸ்ட்ல உள்ள பேருலயே போகட்டும், எழுத்து ஒண்ணு கூட மாறக் கூடாது. ஆதார்தான் அதுக்குத் தக்க மாறணும். மார்க் லிஸ்ட்ட மாத்தணும்னு இறங்கினா அது முடியுறதுக்குள்ள கோர்ஸே முடிஞ்சிரும். ஆதார்ல பேரு திருத்த மார்க் லிஸ்ட் மாதிரி ஒரு ஆதாரம் கொண்டு போனா போதும்.

கம்யூனிட்டி: கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்களுக்கு கம்யூனிட்டி அப்பா வழிலதான், மாப்பிள்ளை வழில இல்ல. அட்டைல எழுதின பழைய சர்டிபிகேட் மங்கிப் போயிருந்தா இ-சேவைல புதுசு போட்டுருங்க, ஒரு அப்ளிகேஷனுக்கு 60 ரூபா. அது விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு மேல போகணும், மே கடைசில எல்லாரும் போடுவாங்க, அப்போ தேங்கும். கிள்ளியூரு, திருவட்டாறு பக்கத்து ஆளுங்க கவனிங்க, 2019-ல ரெண்டும் தனி தாலுகா ஆயிட்டு. பழைய சர்டிபிகேட்ல விளவங்கோடு, கல்குளம்னு இருக்கும், அது தப்பு இல்ல, ஆனா புது அப்ளிகேஷன்ல இப்ப உள்ள தாலுகாவத்தான் போடணும், மாத்திப் போட்டா திரும்பி வரும்.

வருமான சான்று ஸ்காலர்ஷிப்புக்கு மட்டும்தான் வேணும். அத முன்கூட்டி எடுத்து வைக்காண்டாம், பழசாயிட்டா ஏத்துக்க மாட்டாங்க. மே மாசம் எடுத்தா போதும்.

தொலைஞ்சு போனது: வீடு மாறினதுல, 2017 ஒக்கி புயல்ல, கரையான் அரிச்சதுல மார்க் லிஸ்ட் போனவங்க உண்டு. முதல்ல தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல தொலைஞ்ச ஆவணத்துக்கு ரிப்போர்ட் எடுக்கணும், அப்பொறம் பத்தாம் கிளாஸ், பிளஸ் டூன்னா கடைசியா படிச்ச ஸ்கூல் ஹெச்எம் கிட்ட போகணும், அவங்க வழியா அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு டூப்ளிகேட் கேட்டு போகும். டிகிரி மார்க் லிஸ்ட்னா யூனிவர்சிட்டிக்கு. இது மாசக்கணக்குல இழுக்குற வேலை, ஜனவரிலயே இறங்கினாலும் தப்பில்ல.

கேப்: டிகிரிக்கும் இப்போ சேருறதுக்கும் நடுவுல என்ன செஞ்சீங்கன்னு சில இடத்துல எழுதிக் கேப்பாங்க. காலேஜ் ஆபீஸ்ல மாதிரி வாசகம் வாங்கிட்டு, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி நோட்டரி கையெழுத்து வாங்குங்க. வாசகம் கேக்காம நேரா நோட்டரிகிட்ட போனா அவரு ஒரு மாதிரி எழுதுவாரு, காலேஜ்ல வேற மாதிரி கேப்பாங்க.

எல்லாம் வந்தப்பொறவு கலர் ஸ்கேன் எடுத்து மெயில்ல உங்களுக்கே அனுப்பி வைங்க. ஒரிஜினல காலேஜ்ல கொடுக்கும்போது என்னென்ன கொடுத்தோம்னு ஒரு தாள்ல எழுதி, வாங்கினவங்க கையெழுத்தோட வாங்கிக்கிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு திரும்ப வாங்கும்போது அந்த தாள்தான் பேசும்.

3. ஆதார் நம்பரு யாரு போன்ல இருக்கு?

இத தனியா எழுத காரணம் உண்டு. காலேஜ் அப்ளிகேஷன், ஸ்காலர்ஷிப், ஏபிசி ஐடி (நாம படிச்ச கிரெடிட் கணக்க ஆன்லைன்ல சேத்து வைக்குற நம்பரு), டிஜிலாக்கர், எல்லாத்துக்கும் ஓடிபி வரும். நம்ம ஊர்ல ஆதார்ல கொடுத்த நம்பரு பாதி வீட்டுல வீட்டுக்காரரோடது. அவரு தூத்தூர்ல இருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தா ஓடிபி நடுக்கடல்ல, ஓமன்ல இருந்தா அந்த சிம்மே அணைஞ்சு கிடக்கும். கவுண்டர்ல நின்னுக்கிட்டு போன் மேல போன் போடுறத நான் நிறைய பாத்தாச்சு. ஆதார் சென்டர்ல போய் உங்க சொந்த நம்பர ஏத்துங்க, அதுக்கு தாள் எதுவும் வேண்டாம், நீங்க நேர்ல போனா போதும். பேரு திருத்துற வேலை இருந்தா ரெண்டையும் ஒரே போக்குல முடிச்சிருங்க.

4. பணம்: ஃபீஸ் மட்டும் கணக்கு இல்ல

அட்மிஷன் ஃபீஸ கட்டிட்டா தீந்ததுன்னு நினைக்குறாங்க. பரீட்சை ஃபீஸ் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தனி, தேதி தாண்டினா அபராதம். அசோசியேஷன் ஃபீஸ், ஐடி கார்டு, யூனிஃபார்ம் உள்ள காலேஜ்னா தையல் கூலி, ஜெராக்ஸ், புராஜெக்ட் பைண்டிங், இதெல்லாம் சில்லறைதான், ஆனா மாசா மாசம் வரும். ஃபீஸ் எவ்வளவோ அதுல கால் பங்கு கூட ஒதுக்கி வச்சா நடுவுல யார்கிட்டயும் கை நீட்டாண்டாம்.

மாசம் 1000 ரூபா வரும்னு நம்பி வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டம் எல்லாம் அரசு ஸ்கூல்ல, இல்லன்னா அரசு உதவி பெறுற ஸ்கூல்ல தமிழ் மீடியத்துல படிச்சுட்டு முதல் டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ போற பிள்ளைங்களுக்குத்தான், பிஜிக்கு கிடையாது. அத வரவுல எழுதாதீங்க.

5. வீட்டுல பேசி முடிக்கணும் (மே)

"எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவாங்க"ன்னு விட்டுட்டுத்தான் ஜூலைல சண்டை. சும்மா சம்மதம் வாங்கினா போதாது, மணி வச்சுப் பேசணும். காலைல ஏழு மணில இருந்து ஒன்பது வரைக்கும் யாரு என்ன செய்யணும், பிள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்துறது யாரு, சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வரும்போது வீட்டுல யாரு இருப்பா. இந்த மூணுக்கும் பேரு எழுதினா பாதி முடிஞ்சது.

எங்க வீட்டுல மாமி, "நீ போ மக்களே, நான் பாத்துக்கிடுகேன்"ன்னு சொன்னாங்க. நல்ல மனசு, ஆனா அவங்களுக்கு முட்டு வலி, மாடிப்படி ஏற முடியாது. அதனால துணி காயப்போடுற வேலைய வீட்டுக்காரருகிட்ட மாத்தினோம். சொல்றவங்க மனசோட உடம்பையும் பாத்து வேலைய பங்கு வைக்கணும், ரெண்டு மாசம் கழிச்சு முடியாமப் போனா பழி படிப்பு மேலதான் வரும்.

ரப்பர் வெட்டு உள்ள வீடு, கடை வச்சிருக்குறவங்க, வெளுப்புக்கே எழும்பி வேலை செய்யுறவங்க இன்னொண்ணையும் பேசணும், பரீட்சை மாசம் ஆளு வைக்கணுமா, யாரு கூலி கொடுக்கணும். பரீட்சை நவம்பர் பக்கமும் ஏப்ரல் பக்கமும் வரும். அந்த ரெண்டு மாசத்துல வீட்டு விசேஷம் எதையும் நீங்களா வச்சுக்கிடாதீங்க, மத்தவங்க வச்சா ஒரு வேளை போய் தலைய காட்டிட்டு வாங்க.

6. வழி: ஒரு தடவ போய் பாருங்க, மழை நாள்லயே

கூகுள் மேப்ல மார்த்தாண்டம் டு நாகர்கோவில் பாத்து நேரம் போட்டுக்கிட்டா முதல் வாரமே லேட்டு. தக்கலை, வெட்டூர்ணிமடம் பக்கம் காலைல எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவுல என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். மே கடைசில ஸ்கூல் திறக்காத நாள்ல போய் பாக்குறது கணக்குல வராது, ஜூன் முதல் வாரம் ஸ்கூல் திறந்தப்பொறவு ஒரு திங்கக்கிழமை அதே நேரத்துக்கு கிளம்பிப் போய் பாருங்க. ஐப்பசி கார்த்திகை மழையோட சேத்து நமக்கு ஜூன் மழையும் உண்டு, காலேஜ் திறக்குறதே மழைலதான். குடை பத்தாது, ரெயின் கோட்டும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வேணும்.

பொம்பளைங்களுக்கு சாதாரண கட்டண டவுன் பஸ்ல டிக்கெட் இல்ல, அதனால ரெண்டு டவுன் பஸ் மாறிப் போற வழியா, காசு கொடுத்து ஒரே பஸ்ல போற வழியான்னு நேரத்தையும் பாத்து முடிவு பண்ணுங்க. எனக்கு இருபது நிமிஷம் மிச்சம்னா காசு கொடுப்பேன். இரணியல், குழித்துறை பக்கம் உள்ளவங்களுக்கு டிரெயின் சீசன் டிக்கெட் மலிவு, ஆனா காலேஜ் டைமுக்கு அந்த வண்டி ஒத்து வருதான்னு பாத்துட்டு எடுங்க. ரயில்வேல ஸ்டூடண்ட் கன்செஷன் சீசனுக்கு வயசு வரம்பு உண்டு, பொதுப் பிரிவுக்கு 25. நமக்கு சாதாரண சீசன்தான், வரிசைல நின்னு வாதாடாண்டாம்.

7. கண்ணும் கையும்

நாப்பது தாண்டினவங்க கண்ண செக் பண்ணாம கிளாஸுக்குப் போகாதீங்க. வீட்டுல ரீடிங் கண்ணாடி போட்டு பேப்பர் படிக்கும்போது ஒண்ணும் தெரியாது. கிளாஸ்ல நோட்டுல எழுதணும், தலைய தூக்கி போர்டு பாக்கணும், திரும்ப நோட்டு. ரீடிங் கண்ணாடி போட்டா போர்டு மங்குது, கழட்டினா நோட்டு மங்குது, மூக்கு நுனிக்கு கண்ணாடிய இறக்கி விட்டு மேல பாத்து கீழ பாத்து எழுதி முடிக்குறதுக்குள்ள மேடம் போர்ட அழிச்சிருவாங்க. கண் டாக்டர்கிட்ட இத அப்படியே சொல்லுங்க, பைஃபோக்கலோ புரொகிரசிவோ அவங்க எழுதுவாங்க. புது கண்ணாடி பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அதனால இது மே மாச வேலை.

கை அடுத்தது. வாட்ஸப்ல டைப் பண்ணிப் பழகின விரலு, மூணு மணி நேரம் பேனா பிடிக்காது. எங்க யூனிவர்சிட்டில பல பேப்பருக்கு 75 மார்க், மூணு மணி நேரம்: ஒரு மார்க் பத்து, அஞ்சு மார்க் அஞ்சு, எட்டு மார்க் அஞ்சு. எட்டு மார்க் ஒண்ணுக்கு இருபது நிமிஷம், அஞ்சு மார்க் ஒண்ணுக்கு பத்து நிமிஷம், ஒரு மார்க் எல்லாம் சேத்து பத்து நிமிஷம்னு வச்சா நூத்தி அறுபது நிமிஷம் போயிடும், மிச்சம் இருபதுதான். விஷயம் தெரிஞ்சிருந்தும் கை ஓடாம கடைசி எட்டு மார்க்க விடுறது நம்ம வயசுக்காரங்கதான், சின்னப் பிள்ளைங்க இல்ல.

தினமும் ஒரு பக்கம் எழுதுங்க, எதையாவது பாத்து எழுதினாலும் சரி. ரெண்டாவது வாரம் ரெண்டு பக்கம். ஜூன் வரும்போது இருபது நிமிஷத்துல ரெண்டரை பக்கம் நிக்காம எழுத வந்தா கொள்ளாம்.

8. சிலபஸ், பழைய கொஸ்டின் பேப்பர்

சிலபஸ் யூனிவர்சிட்டி இணையதளத்துல கிடக்கும், இறக்கி பிரிண்ட் எடுங்க. படிச்சு முடிக்கணும்னு இல்ல, எந்தப் பேப்பர் நமக்கு முழுசா புதுசுன்னு அடையாளம் கண்டா போதும். எம்காம்ல எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அத மே மாசமே சீனியர் பையன்கிட்ட பழைய நோட்டு வாங்கி கொஞ்சம் கொஞ்சமா போட்டுப் பாத்தேன். தெரிஞ்ச பேப்பர படிச்சு சந்தோஷப்படுறது நேர விரயம்.

இங்கிலீஷ் மீடியம்னு பயப்படுறவங்க அந்தப் பேப்பர்ல திரும்பத் திரும்ப வர்ற அம்பது வார்த்தைய மட்டும் எழுதி வைங்க, கிளாஸ் பாதி புரியும்.

9. கடைக்குப் போறது (காலேஜ் திறக்க ஒரு வாரம்)

இதுக்கு ஒரு சாயங்காலம் போதும். நோட்டு நாலு, பேனா ஒரு டஜன், ஒரு கிளிப் ஃபைலு, தண்ணி நுழையாத பேக், டிஃபன் பாக்ஸ். டெக்ஸ்ட் புக் எதுவும் வாங்காதீங்க, எந்த ஆத்தர் புக்கு நடத்துவாங்கன்னு கிளாஸ் ஆரம்பிச்சப்பொறவுதான் தெரியும், பாதி புக்கு காலேஜ் லைப்ரரிலயும் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துலயும் கிடைக்கும். லேப்டாப் முதல் செமஸ்டருக்கு அவசியம் இல்ல.

10. முதல் வாரம்

முன்னாடி ரெண்டாவது இல்ல மூணாவது பெஞ்ச், ஜன்னல் வெளிச்சம் போர்டுல பட்டு கூசாத பக்கமா பாத்து உக்காருங்க. கடைசி பெஞ்ச்ல ஒதுங்குறது கூச்சத்துனால, ஆனா அங்கன காதும் கேக்காது, பக்கத்துல பேச ஆளும் இருக்காது.

கிளாஸ்ல உள்ள பிள்ளைங்க அக்கான்னு கூப்பிடலாம், ஆன்டின்னு கூப்பிடலாம், முதல் நாளே "அக்கான்னு கூப்பிடுங்க மக்கா"ன்னு சொல்லிட்டா தீந்தது. நடத்துற மேடத்துக்கு உங்கள விட பத்து வயசு குறைவா இருக்கும், இருந்தாலும் மேடம்தான், கிளாஸ் ரூமுக்குள்ள எழும்பி நின்னுதான் பேசணும். அவங்கள "மோளே" (மகளே)ன்னு கூப்பிட்டு வம்புல மாட்டினவங்க உண்டு.

கிளாஸ் வாட்ஸப் குரூப்ல அன்னைக்கே சேருங்க. டெஸ்ட் தேதி, லீவு, ஃபீஸ் கடைசி நாளு எல்லாம் அதுலதான் முதல்ல வரும், நோட்டீஸ் போர்டுக்கு அப்பொறம்தான். குரூப்ப மியூட் பண்ணாதீங்க, குட் மார்னிங் போடவும் செய்யாதீங்க. கிளாஸ் ரெப்பா நிக்கச் சொல்லுவாங்க, பொறுப்பான ஆளுன்னு. வேண்டாம்னு சொல்லிருங்க, வீட்டுல ஏற்கனவே அந்த வேலைதான்.

11. அட்டெண்டன்ஸ் கணக்க முதல் நாளே போடுங்க

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் வேணும்னா 68 நாள் போகணும், 22 நாள்தான் கைல இருக்கு. பிஎட்னா இன்னும் கடுசு, கிளாஸுக்கு 80 சதவீதம், ஸ்கூல் டிரெயினிங்குக்கு 90.

22 நாள் நிறைய மாதிரி தெரியும். பிள்ளைக்கு காய்ச்சல், ஆவணி கல்யாணம், சொந்தத்துல ஒரு சாவு, உங்களுக்கே ஒரு வைரல், அக்டோபர்ல பாத்தா நாலு நாள்தான் மிச்சம் இருக்கும். லேட்டா போனா அரை நாள் போகும், அதையும் எழுதணும். காலண்டர்ல போகாத நாள மட்டும் சிவப்புல வட்டம் போட்டு வாங்க. பத்து வட்டம் வந்தப்பொறவு கல்யாண வீட்டுக்கு சாயங்காலம் ரிசப்ஷனுக்கு மட்டும் போங்க.

நம்ம மாவட்டத்துக்கு உள்ளூர் லீவு கூடுதல்: நவம்பர் 1 குமரி இணைஞ்ச நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரு, மண்டைக்காடு கொடை. பெரும்பாலும் அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை வேலை நாளா வரும். மழை லீவுக்கும் அப்படியே. சனிக்கிழமைய துணி துவைக்கவும் ட்யூஷன் எடுக்கவும் முழுசா ஒதுக்கி வச்சவங்க அங்கன மாட்டுவாங்க, அந்த சனிக்கிழமைல வராம இருக்குறதும் ஆப்சென்ட்தான்.

12. ரெண்டாம் வருஷம் போறவங்களுக்கு

உங்களுக்கு முதல் நாலு படி வேண்டாம், அஞ்சுல இருந்து ஆரம்பிங்க. வீட்டு ஏற்பாடு போன வருஷத்தது அப்படியே நடக்கும்னு விடாதீங்க, பிள்ளை பத்தாம் கிளாஸ் வந்திருக்கும், மாமிக்கு முட்டு வலி கூடியிருக்கும்.

அரியர் இருந்தா அதுக்கு தனியா ஃபீஸ் கட்டணும், ரெகுலர் பேப்பர் ஃபீஸோட தானா சேந்து வராது. போன ரெண்டு செமஸ்டர் மார்க் லிஸ்ட்ட வாங்கி பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணையும் எஸ்எஸ்எல்சியோட வச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க, தப்பு இருந்தா இப்பவே எழுதிக் கொடுங்க, கோர்ஸ் முடிஞ்சப்பொறவுன்னா அதுக்கு நீங்க யூனிவர்சிட்டி இருக்குற அபிஷேகப்பட்டிக்கு பஸ் ஏறணும். புராஜெக்ட் கைடு யாருன்னு ஜூன்லயே கேளுங்க, டாபிக்க ஜூலைக்குள்ள முடிவு பண்ணிட்டா கேள்வித்தாள் கொடுத்து டேட்டா எடுக்குற வேலைய செப்டம்பர் லீவுல முடிச்சிரலாம், நவம்பர் மழைல வீடு வீடா ஏறி இறங்காண்டாம்.